போகாமல் விட்ட கூட்டம்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் எழுதுகிறவன் அல்ல. ஊரில் ஓ லெவல் பரீட்சையில் கணக்குப் பாடம் தவறியதோடு என் படிப்பு நின்றது. இப்போது நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரின் மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டுகிறேன். ஒரு நாடு பணமும் தொழிற்சாலையும் பெருகியதும் கடல் தாண்டிப் போய் மற்றவர்களின் கரையில் கால் வைப்பதைப் பற்றி எழுத வேண்டியவர்கள் படித்தவர்கள். நான் கோயில் கூட்டங்களில் கதவுக்குப் பக்கத்தில் நிற்பவன், மைக் என் பக்கம் வந்தால் தேத்தண்ணி எடுக்கப் போய்விடுபவன். ஆனால் போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நான் எழுதாவிட்டால் தமிழில் எழுத வேறு ஆள் இல்லை. அது நடந்த வீட்டில் இருந்த தமிழன் நான் ஒருவன்தான்.

என்னோடு மீன் வெட்டும் சமோவாக்காரன் ஒருவன் இருக்கிறான். இருவரும் மாசி என்ற புறநகரில் பக்கத்துப் பக்கத்துத் தெரு. ஆகையால் என் காரிலேயே இருவரும் வேலைக்குப் போவோம். அவன் ஏறினால் கார் ஒரு பக்கம் தாழும். "உன்ர கார் எனக்கு இறுக்கமான சட்டை மாதிரி இருக்கு, ப்ரோ" என்பான். நாங்கள் கதைப்பது தொழிற்சாலை ஆங்கிலம். எனக்கு அதை என் ஊர்த் தமிழில்தான் எழுத வருகிறது.

நான் அதிகம் கதைக்கமாட்டேன் என்பது அவனுக்குப் பெரிய பகிடி. ஏதாவது பதில் சொன்னால், "இண்டைக்கு நல்லாக் கதைச்சிட்டாய். பின்னேரம் களைச்சுப் போவாய், கவனம்" என்பான்.

விடியற்காலை வானொலியில் செய்தி ஓடும். அந்த நாட்களில் பசிபிக் தீவுகளைப் பற்றி அடிக்கடி கதைத்தார்கள். சீனா இந்தத் தீவில் பாலம் கட்டுகிறது, அந்தத் தீவில் துறைமுகம் கேட்கிறது, பார்த்துக்கொண்டிருக்கலாமா என்று யாராவது ஒருவர் கேட்பார். ஒருநாள் ஒருவர், அந்தத் தீவுகள் எங்களுடைய பின்வளவு, அங்கே இன்னொருவர் வந்து நிற்பது சரியில்லை என்றார்.

இவன் வானொலியைக் குறைத்தான்.

"கேட்டியோ? நாங்கள் பின்வளவாம்."

"ம்."

"பின்வளவில என்ன இருக்கும்? கோழிக்கூடும் குப்பைவாளியும். எங்களிட்ட ஒருத்தனும் கேக்கேல்லை, நீங்கள் யாரின்ர பின்வளவு எண்டு."

அன்றைக்குத்தான் அவன் தன் வீட்டு விஷயத்தையும் சொன்னான். அவனுடைய ஊர் சமோவாவின் பெரிய தீவிலிருந்து படகில் போக வேண்டிய ஒரு சின்னத் தீவு. அங்கே கடற்கரையோடு அவர்கள் குடும்பத்துக் காணி இருக்கிறது. சீனாவிலிருந்து ஒரு கம்பனி வந்து, அந்தக் கரையில் இறங்குதுறை ஒன்று கட்டித் தருகிறோம், பக்கத்தில் குளிர்களஞ்சியமும் கட்டுகிறோம், முன்னால் இருக்கும் ஆழமில்லாத கடலில் வேலியடித்துக் கடலட்டை வளர்க்கிறோம், காணியையும் கடலையும் நீண்ட குத்தகைக்குத் தாருங்கள் என்று கேட்டிருக்கிறது. கடலட்டை என்பது அடிமணலில் கிடக்கும் தடித்த புழு மாதிரியான ஒரு பிராணி. நாங்கள் தின்பதில்லை. காயவைத்து அனுப்பினால் சீனாவில் நல்ல விலை.

அவர்களுடைய வழக்கப்படி காணி ஒருவருடையது அல்ல, முழுக் குடும்பத்துக்கும் உரியது. குடும்பத் தலைவர்கள் சம்மதிக்க வேண்டும், வெளிநாட்டில் இருப்பவர்களின் சம்மதமும் வேண்டும். இவனுடைய தகப்பன் குடும்பத் தலைவராக இருந்து இறந்தவர். அந்தப் பட்டம் யாருக்கும் கொடுக்கப்படாமல் இருந்தது. ஊரில் இருந்த பெரியப்பாதான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கம்பனிக்காரர்களை வீட்டில் உட்காரவைத்து விருந்து கொடுத்து, யாரையும் கேட்காமலே தலையாட்டிவிட்டார் என்பதுதான் இவனுடைய கோபம். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆக்லாந்துக் குடும்பம் எல்லாம் இவனுடைய அக்கா வீட்டில் கூடும். பெரியப்பா ஊரிலிருந்து வீடியோவில் வருவார். அன்றைக்கு முடிவு.

"நீ என்ன சொல்லப்போறாய்?" என்று கேட்டேன்.

"நான் போகமாட்டன். படகைக் கொண்டு மீன் பிடிக்கப் போறன். நான் இல்லாட்டி எனக்கு விருப்பமில்லை எண்டு அவைக்கு விளங்கும்."

நான் வீதியைப் பார்த்து ஓட்டினேன். ஆனால் அந்த வசனம் எனக்குப் பழக்கமானது. அதை என் தம்பியின் குரலில் கேட்டிருக்கிறேன்.

தம்பி யாழ்ப்பாணத்தில் இன்னும் கடல் தொழில்தான் செய்கிறான். எங்கள் ஊர்க் கடல் இடுப்பளவுதான். அதில் களங்கண்டி கட்டுவோம். கம்பு நட்டு வலை மறித்து, வற்றுப்பெருக்கோடு வரும் மீன் வழி தெரியாமல் உள்ளே வந்து தங்கும்படி செய்யும் முறை அது. யாருடைய களங்கண்டி எங்கே என்பது எல்லாருக்கும் தெரியும், எழுதி வைக்கத் தேவையில்லை. நான் நியூசிலாந்துக்கு வந்து பல வருடங்களுக்குப் பிறகு அங்கேயும் அட்டைப்பண்ணை வந்தது. வெளிநாட்டுப் பணம், உள்ளூர் ஆட்களின் பெயர். மீனவர் சங்கத்தில் கூட்டம் வைத்தார்கள். தம்பிக்கும் அவன் வயதுக்காரர்களுக்கும் துளியும் விருப்பமில்லை.

பிறகொரு நாள் தொலைபேசியில் கேட்டேன்.

"கூட்டம் என்ன மாதிரி?"

"நாங்கள் போகேல்லை அண்ணை. பகிஷ்கரிச்சனாங்கள்."

"எத்தினை பேர்?"

"விருப்பமில்லாத எல்லாரும். ஒருத்தரும் போகேல்லை."

"பிறகு?"

"பிறகென்ன. தீர்மானம் ஏகமனதா நிறைவேறினது."

இதைச் சொல்லும்போது அவன் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. எங்கள் ஆட்களைத் தெரிந்தவர்களுக்கு இது புதுமை இல்லை. கல்யாண வீட்டுக்குப் போகாமல் விடுவோம், சங்கக் கூட்டத்துக்குப் போகாமல் விடுவோம், வாக்களிக்கப் போகாமல் விடுவோம். போகாமல் விட்டது எல்லாருக்கும் விளங்கும் என்று வீட்டில் இருப்போம். விளங்கும்தான். விளங்கியபடியே அவர்கள் தங்கள் வேலையை முடித்துக்கொண்டு போவார்கள். இப்போது தம்பி களங்கண்டி கட்டிய இடத்துக்கு முன்னால் பச்சை வலை வேலி நிற்கிறது. மீன் வரும் வழி அதற்குள் போய்விட்டது. அவன் வள்ளத்தில் சுற்றிப் போய் வேறு ஊராருடைய கடலில் தொழில் செய்து ஏச்சு வாங்குகிறான்.

இதை எல்லாம் அன்று காரில் அவனுக்குச் சொல்லியிருக்கலாம். சுரங்கப்பாதைக்குள் நுழைந்தோம், வெளியே வந்தோம், தொழிற்சாலை வந்துவிட்டது.

எங்கள் மேசைக்கு அடுத்த மேசையில், வெட்டிய சதையில் முள் எடுக்கும் சீனப் பெண்மணி ஒருவர் இருக்கிறார். என்னைவிட மூத்தவர். ஸ்மோக்கோ என்கிற தேத்தண்ணி இடைவேளையில் எனக்குச் சூரியகாந்தி விதை தருவார், நான் அவருக்கு முறுக்குக் கொடுப்பேன். அதுவே எங்கள் கதை பேச்சு. அந்தக் கிழமை சமோவாக்காரன் ஆட்களுக்கு முன்னால் கொஞ்சம் சத்தமாகவே, "உன்ர நாட்டுக்காரர் என்ர கடலைக் கேக்கினம், அன்ரி" என்று அவரிடம் சொன்னான். பகிடி மாதிரித்தான் சொன்னான், ஆனால் அதில் சூடு இருந்தது.

அவர் விதையைக் கடித்துக் கோதைத் துப்பிவிட்டு ஆறுதலாகச் சொன்னார்.

"என்ர ஊர்க் கடலையும் எடுத்தவை. இப்ப அது கொங்கிரீட். மேல கப்பல் பெட்டி அடுக்கி இருக்கு."

"உங்களைக் கேட்டவையோ?" என்றேன் நான்.

"கேட்டவை. கட்டி முடிச்சாப் பிறகு."

இவன் தான் சாப்பிடக் கொண்டுவந்த பாணில் பாதியைப் பிய்த்து அவருக்கு நீட்டினான். அவர் வாங்கினார். அதுவரை நாடுகளை நாடுகளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகத்தில் போர்த்துக்கேயர் வந்தார்கள், ஒல்லாந்தர் வந்தார்கள், ஆங்கிலேயர் வந்தார்கள் என்று இருக்கும். வந்த கப்பலுக்குக் கரையில் நின்று கயிறு பிடித்தவன் யார், அவனிடம் என்ன கேட்டார்கள், அவன் என்ன சொன்னான் என்று ஒரு வரி இராது. அவர்கள் புறப்பட்டு வந்த ஊரில் யாருடைய கரையை முதலில் எடுத்தார்கள் என்றும் இராது.

அன்று பின்னேரமே முடிவு எடுத்துவிட்டேன். அவன் அந்தக் கூட்டத்துக்குப் போயே ஆக வேண்டும். வேலி வருவதும் வராததும் அவர்களுடைய பாடு. ஆனால் அவன் இல்லாமல் அது ஏகமனதாக நிறைவேறக் கூடாது.

மனைவியிடம் சொன்னேன். அவள் உள்ளி உரித்துக்கொண்டு இருந்தாள்.

"உங்களுக்கு என்ன விசரே? எங்கட சங்கத்திலயே வாய் திறக்காத மனுசன், சமோவாக்காரரின்ர குடும்பச் சண்டைக்குப் போறாராம்."

"நான் கதைக்கப் போகேல்லை. அவனைக் கொண்டுபோய் விடப் போறன்."

"அவன் உங்களைத் தூக்கி ஒரு கையில வச்சிருப்பான். நீங்கள் அவனைக் கொண்டுபோய் விடப் போறியள்."

ஆனால் ஞாயிறு காலையில் அவளே கட்லெட் பொரித்து ஒரு தட்டில் அடுக்கி, "வெறுங்கையோட போகாதேங்கோ" என்று தந்தாள்.

அவர்கள் தேவாலயத்திலிருந்து திரும்பும் நேரம் பார்த்துப் போனேன். அவனுடைய வீட்டு வாசலில், படகு ஏற்றிய ட்ரெய்லர் வாகனத்தில் பூட்டித் தயாராக நின்றது. தூண்டில்கள் கூட ஏற்றியாகிவிட்டது. என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தும் ஒன்றும் வரவில்லை. ஆகவே என் காரை அந்த ட்ரெய்லருக்குப் பின்னால், அது வெளியே வரமுடியாதபடி குறுக்காக நிறுத்தினேன். கார்த் திறப்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளேயே இருந்தேன்.

அவன் வந்து கண்ணாடியில் தட்டினான்.

"காரை எடு, ப்ரோ. பெருக்கு வந்திட்டுது."

"எடுக்கமாட்டன்."

"என்ன, உடைஞ்சு போச்சோ?"

"இல்லை."

அவன் காரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மடியில் இருந்த தட்டைப் பார்த்தான்.

"அது என்ன?"

"கட்லெட். உன்ர அக்கா வீட்டுக்கு."

அவனுக்கு விளங்கிவிட்டது. முகம் கறுத்தது. "இது என்ர குடும்ப விஷயம்" என்றான். அதற்குப் பிறகு அவனுடைய மொழியில் ஏதோ சொன்னான். நல்ல சொல்லாக இருந்திருக்காது. நான் கண்ணாடியை இறக்கி, தம்பியின் கதையைச் சொன்னேன். தட்டுத் தடுமாறித்தான் சொன்னேன். பகிஷ்கரித்தது, ஏகமனதாக நிறைவேறியது, பச்சை வேலி, எல்லாம். "நீ போகாட்டி, உனக்கு விருப்பமில்லை எண்டு அவைக்கு விளங்காது. நீ இல்லை எண்டுதான் விளங்கும்" என்று முடித்தேன்.

அவன் நடைபாதை விளிம்பில் குந்தி இருந்தான். நானும் காரை விட்டு அசையவில்லை. எனக்குக் கதைக்கத்தான் வராது, இருக்க வரும். கடைசியில் அவன் எழும்பி உள்ளே போனான். கதவைச் சாத்திவிடுவான் என்று நினைத்தேன். வெள்ளைச் சட்டையும், இடுப்பில் அவர்கள் விசேஷத்துக்குக் கட்டும் கறுப்புத் துணியுமாகத் திரும்பி வந்தான். கார் ஒரு பக்கம் தாழ்ந்தது.

"ஒரு கட்லெட் தா முதல்ல" என்றான்.

அக்கா வீட்டு விறாந்தை முழுக்கச் செருப்பு. உள்ளே பாய் விரித்து, சுவரோடு வட்டமாக இருந்தார்கள். பெரிய தொலைக்காட்சியில் பெரியப்பாவின் முகமும் அவருக்குப் பின்னால் ஒரு திறந்த ஜன்னலும் தெரிந்தன. இவன் உள்ளே வந்ததும் பேச்சு ஒரு கணம் நின்றது. முதலில் செபம் சொன்னார்கள். அக்கா என்னைக் கதவோரம் ஒரு கதிரையில் இருத்தினார். நான் கீழேயே இருக்கிறேன் என்று அவனுக்குப் பக்கத்தில் பாயில் இருந்தேன். இங்கே பிறந்த பிள்ளைகள் பலர் இருந்ததால் பாதிப் பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது.

அக்கா தாதி. அவர்தான் முதலில் கதைத்தார். நான் எதிர்பார்த்தது போல அவர் பேராசைக்காரியாக இல்லை.

"அம்மாவுக்கு மூச்சு முட்டின அண்டைக்குக் கடல் கொந்தளிப்பு. படகு கரைக்கு வரேலாமல் வெளியில நிண்டது. நாலு பேர் கதவைக் கழட்டி அதில அம்மாவை வச்சுத் தண்ணியுக்குள்ளால தூக்கிக்கொண்டு போனவை. இறங்குதுறை இருந்திருந்தா அம்மா நேரத்துக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைச்சிருப்பா. நியூசிலாந்து எங்களுக்கு அதைக் கட்டித் தரேல்லை. கட்டித் தாறம் எண்டு வந்தவை இவை மட்டும்தான்."

எல்லாரும் தலை குனிந்திருந்தார்கள். உண்மையைச் சொன்னால், அந்த நேரம் நான் அக்காவின் பக்கம் போய்விட்டேன்.

பெரியப்பா திரையில் தொண்டையைச் செருமினார். இளம் வயதில் ஆக்லாந்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவர்.

"என்ர தாத்தா சின்னனா இருக்கேக்க ஜெர்மன்காரன் வந்து கொடி ஏத்தினவன். அவனும் அப்ப புதுப் பணக்காரன். பழைய பணக்காரர் எல்லாம் உலகத்தைப் பங்கு போட்டு முடிச்சாப் பிறகு, எனக்கெங்க பங்கு எண்டு கேட்டு வந்தவன். கொப்பறா வேணும் எண்டான். பிறகு நியூசிலாந்துக்காரன் வந்து அவனை இறக்கிப்போட்டுத் தன்ர கொடியை ஏத்தினான். எங்களைக் கேட்டு ஆரும் ஏத்தேல்லை, கேட்டு ஆரும் இறக்கேல்லை. இவங்கள் கொடி கொண்டு வரேல்லை. சிரிச்சுக்கொண்டு வந்து, நான் குடுத்த பன்றியைச் சாப்பிட்டுட்டுக் கேக்கினம். கேட்டவனுக்குத் தலையாட்டினன். அது பிழையோ?"

"தலையாட்டின பிறகு எங்களைக் கேக்கிறது பிழை" என்று இவன் சொன்னான். அவர்கள் முறைப்படி வயதில் மூத்தவரோடு அப்படி எதிர்த்துக் கதைப்பதில்லை. இரண்டு மூன்று பேர் நிமிர்ந்தார்கள். அக்கா, "தம்பி" என்றார் மெதுவாக.

பெரியப்பா கோபப்படவில்லை. "உனக்குப் பக்கத்தில இருக்கிறது ஆர்?" என்று கேட்டார்.

"என்ர ட்ரைவர்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு, "இவன்ர ஊர்க் கடலிலயும் உதே அட்டைதான் வளர்க்கினம். ப்ரோ, சொல்லு" என்றான்.

இத்தனை முகமும் என்னைப் பார்த்தால் என்னால் ஏலாது. திரையில் தெரிந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டேன். "இறங்குதுறை கட்டுறதுக்கு ஏன் கடலில வேலி வேணும்?"

"இரண்டும் சேர்த்துத்தான் எண்டு சொன்னவை" என்றார் பெரியப்பா.

"ஆர் அப்பிடிச் சேர்த்தது?" என்றேன்.

அதற்கு மேல் எனக்கு வரவில்லை, தேவையும் இருக்கவில்லை. இவன் பிடித்துக்கொண்டான். முழங்காலில் நிமிர்ந்து இருந்து சொன்னான். இறங்குதுறை கட்டட்டும், அம்மாவின் பெயரால் நானே முதல் கல்லைத் தூக்குவேன். கடலுக்குள் ஒரு கம்பும் நடக் கூடாது. குத்தகை பேரப்பிள்ளைகள் காலம் வரை போகக் கூடாது, எங்கள் காலத்துக்குள்ளேயே முடிய வேண்டும். அதற்கு அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் இறங்குதுறையும் வேண்டாம். இறங்குதுறை கேட்டு நியூசிலாந்திடமும் போவோம், கட்டித் தரக்கூடிய வேறு யாரிடமும் போவோம். அக்கா அழுதுகொண்டு, ஆனால் தலையை ஆட்டிக்கொண்டு இருந்தார்.

பெரியப்பா கேட்டுவிட்டுச் சொன்னார்.

"நல்லாச் சொன்னாய். இனி இதைக் கம்பனிக்காரருக்கு முன்னால இருந்து ஆர் சொல்றது? எனக்கு எழுபதுக்கு மேல. அவை பெரிய ஆக்கள், திரும்பத் திரும்ப வருவினம், சிரிச்சுச் சிரிச்சு வருவினம். நான் ஒருநாள் களைச்சுப் போவன். நீ ஆக்லாந்தில மீன் வெட்டிக்கொண்டு, வேலி போடாதேங்கோ எண்டு போனில சொல்லுவியோ? உன்ர தகப்பன்ர இடம் இஞ்ச வெறுமையாக் கிடக்கு."

வெளியே பிள்ளைகள் பந்து அடிக்கும் சத்தம் கேட்டது. இவனுக்கு இங்கே வீடு இருக்கிறது, மோர்ட்கேஜ் இருக்கிறது, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவனுக்கு முன்னமே வந்துவிட்ட அவனுடைய மனைவி எதிர்ச் சுவரோடு இருந்தாள். அவன் அவளைப் பார்த்தான். அவள் சரி என்பதுபோலக் கண்ணை மூடித் திறந்தாள்.

"நான் வாறன்" என்றான் திரையைப் பார்த்து. "அப்பாவின்ர பட்டத்தை எடுக்கிறன். நான் வரும்வரைக்கும் ஒண்டுக்கும் கையெழுத்து வைக்காதேங்கோ."

பெரியப்பா, "கெதியா வா" என்றார். பிறகு செபம் சொல்லி, சாப்பாட்டைக் கொண்டுவந்தார்கள். அது பெரிய சாப்பாடு. என் தட்டு நிறைய நிறைய யாரோ போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

திரும்பி வந்து அவன் வீட்டு வாசலில் இறங்கும்போது, "என்ர படகை மறிச்சு நிண்டவன் நீ ஒருத்தன்தான்" என்றான். நன்றியா ஏச்சா என்று எனக்குத் தெரியவில்லை.

இதற்குப் பிறகு கம்பனி என்ன சொல்லும், அவன் போய் நின்று பிடிப்பானா, அவனும் ஒருநாள் களைத்துப் போவானா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அவ்வளவு பெரிய நாட்டுக்கு முன்னால் ஒரு மனிதன் பாயில் இருந்து இல்லை என்று சொல்வது எத்தனை நாளைக்கு நிற்கும் என்று படித்தவர்கள் கேட்கலாம். ஆனால் அவன் அங்கே இருப்பான். கேட்பவர்கள் அவனுடைய முகத்தைப் பார்த்துத்தான் கேட்க வேண்டியிருக்கும். அன்றிரவே நான் தம்பிக்குத் தொலைபேசி எடுத்து, அடுத்த சங்கக் கூட்டத்துக்கு நீங்கள் எல்லாரும் போக வேண்டும் என்று சொன்னேன். என்ன திடீரென்று என்று கேட்டான். போ என்றேன்.

மறுநாள் திங்கட்கிழமை. வழக்கமான நேரத்துக்கு வேலைக்குப் போனோம். அவன் மேலாளரின் அறைக்குப் போய், மாத முடிவோடு நிற்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தான். ஹோக்கி மீன் நிறைய வந்திருந்தது. பின்னேரம் வரை வெட்டினோம்.